அக்கா பிடித்து வைத்த இடம்

விடிந்ததும் பரிமளம் முதலில் தொடுவது அக்காவின் இடது கையைத்தான். முழங்கைக்குக் கீழே இரண்டு இரத்தக் குழாய்களை வெட்டி இணைத்த இடத்தில் விரலை வைத்தால், மடியில் கிடக்கும் பூனையின் உறுமல் போல ஓர் அதிர்வு இருக்கும். அது இருந்தால் செவ்வாயும் வெள்ளியும் ஊசி ஏறும், இரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும், அக்கா இன்னும் மூன்று நாள் இருப்பாள். இல்லாவிட்டால் இல்லை. அதிர்வைப் பார்த்த பிறகுதான் தேநீர்.

பரிமளத்துக்கு அறுபத்து மூன்று வயது. புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்தவள். தொண்ணூற்றொன்றில் சண்டையால் தீவு காலியானபோது எல்லோரோடும் வெளியேறி, யாழ்ப்பாணத்தில் நோயாளர் பராமரிப்புப் பயிற்சி எடுத்தாள். பிறகு சைப்பிரசில் பன்னிரண்டு வருடம், ஒரு கிழவரையும் அவர் போன பின் அவர் மனைவியையும் பார்த்தாள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு "நேரம் கிடைக்கேல்லை" என்றாள், அது பொய்யுமில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் கண்ணை மூடிவிட்டவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடத் திரும்பி வந்து அவளைத் தொந்தரவு செய்ததில்லை. ஆகவே பேய்க் கதைகளுக்கு அவள் காது கொடுப்பதில்லை.

அக்கா அன்னபூரணம் மூன்று வயது மூத்தவள். சீனி வருத்தம் முதலில் வலது காலை முழங்காலோடு கொண்டுபோனது, பிறகு சிறுநீரகங்களை. வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் வரவில்லை. நாளொன்றுக்கு முக்கால் லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அக்கா சாமிப் படத்துக்கு வைத்த செம்புத் தண்ணீரையும் விட்டு வைக்கமாட்டாள்.

"எடியே பரிமளம், தண்ணிப் போத்தில் ஒளிக்கிறதுக்கே நீ சைப்பிரசிலை படிச்சனி?"

"ஓம். சேர்ட்டிபிக்கற்றும் தந்தவங்கள்."

"உன்னட்டைச் செத்ததுகள் எல்லாம் வருத்தத்திலை சாகேல்லை. தாகத்திலை செத்ததுகள்."

இப்படித்தான் இரண்டு பேரும் நாளை ஓட்டினார்கள்.

சிக்கல் வீட்டில் இல்லை, பாதையில் இருந்தது. மடத்துவெளியிலிருந்து யாழ்ப்பாண ஆசுப்பத்திரிக்கு முப்பது கிலோமீற்றர். வழியில் இரண்டு இடத்தில் கடலுக்கு நடுவே போகும் தெரு: தீவுக்குக் கிட்ட வாணர் பாலம், யாழ்ப்பாணத்துக்குக் கிட்டப் பண்ணைப் பாலம். அயலில் இருந்த வேதநாதன் தன் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொண்டுவருவார். பரிமளமும் அவருமாக அக்காவைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கி உள்ளே திணிக்க வேண்டும். வைகாசியில் ஒருநாள், இரத்தம் சுத்திகரித்து வரும் வழியில், வாணர் பாலத்தில் அக்காவுக்குப் பிரஷர் விழுந்து, உடம்பில் பாதி ஓட்டோவுக்கு வெளியே சாய்ந்துவிட்டது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது.

அதை நோர்வேயில் இருந்த அக்காவின் மகன் சதீசனிடம் பரிமளமே சொன்னாள். ஒளிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவன் இரண்டு ஒழுங்கு செய்தான். இந்த வருடம் வாகன இறக்குமதி மறுபடி திறந்திருந்தபடியால், சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றக்கூடிய வான் ஒன்றை ஜப்பானிலிருந்து இறக்கச் சொன்னான். கூடவே, யாழ்ப்பாணத்தில் ஆசுப்பத்திரிக்குக் கிட்ட உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் அறையையும் பிடித்து வைத்தான்.

"செப்ரெம்பர் முப்பதுவரைக்கும் அறையை வைச்சிருப்பினமாம், சின்னம்மா. அதுக்குள்ளை வான் வந்தால் அம்மா வீட்டிலை. வராட்டி அங்கை. அதுக்குப் பிறகு ஓட்டோ வேண்டாம்."

அக்கா கட்டிலில் இருந்தபடியே இதைக் கேட்டாள். போன் வைத்ததும், "என்னை அங்கை கொண்டுபோய் விட்டியோ, நான் ஒரு பருக்கை தின்னன்," என்றாள்.

"விடமாட்டன்," என்றாள் பரிமளம்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய தொழிலில் நோயாளிக்கு வாக்குக் கொடுப்பதில்லை. பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லித் தருவது அது.

ஓகஸ்ற் நடுவில், வாகனம் இறக்கிக் கொடுக்கும் அனோஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பன்னிரண்டு படங்கள் அனுப்பினான். வெள்ளை வான். ஜப்பானில் ஏதோ ஒரு முதியோர் இல்லம் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, இல்லத்தை மூடியபோது விற்றது. பின்கதவு மேலே திறக்கும். அதன் கீழிருந்து ஒரு பலகை சரிவாக நிலத்துக்கு இறங்கும். உள்ளே சக்கர நாற்காலி நிற்க ஓர் இடம், அதைப் பிடித்துக்கொள்ள நிலத்தில் நான்கு பெல்ற்றுகள். அந்த இடத்தின் படத்தை அக்கா நெடுநேரம் பார்த்தாள்.

"உதிலை ஆர் வருகினம்?"

"எதிலை?"

"உந்த இடத்திலை. வெறுமையாவே கப்பலிலை ஏத்துறாங்கள்?"

"பின்னை, ஆளோடையே அனுப்புவாங்கள்?"

"அப்புவின்ரை முறை தெரியாதே உனக்கு? ஒரு தேங்காய் வைக்கச் சொல்லு."

பரிமளத்துக்குத் தெரியும். அவர்களுடைய அப்பு, தகப்பன் அம்பலவாணர், தோட்டம் செய்தவர். திருவிழாக் காலத்தில் மட்டும் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு வத்தையில் ஆட்களை ஏற்றினார். ஆட்களை இறக்கிவிட்டு வெறும் படகாகத் திரும்பும்போது, ஆள் இருந்த பலகைகளில் ஒவ்வொரு தேங்காய் வைப்பார். வெறும் பலகையோடு கடல் தாண்டக்கூடாது, வேறு யாரும் வந்து இருந்துவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தத் துறையில் படகு விட்ட வேறு சிலரும் அப்படிச் செய்தார்கள். ஆனால் முறையின் மற்றப் பாதி அம்பலவாணர் வீட்டுக்கு மட்டும் தெரிந்தது: தேங்காய் இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்கிற ஆளின் பெயரைப் பலகைக்குச் சொல்லக்கூடாது. தப்பித் தவறிச் சொன்னால், கரை சேர்ந்ததும், வேறு எதையும் அதில் வைக்குமுன், பலகையில் கை வைத்து, பெயர் சொல்லி, அந்த ஆளை இறக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் வைத்த பொருள் ஆளைத் தள்ளிவிடும், ஆள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அக்கா விடவில்லை. பரிமளம் வெட்கத்தை விட்டு அனோஜனுக்குப் போன் எடுத்தாள்.

"தேங்காயோ?" என்றான் அவன். "அன்ரி, ஒரு பயத்தங்காய் கிடந்தாலும் கப்பலிலை ஏத்தமாட்டாங்கள். சில்லிலை மண் ஒட்டியிருந்தாலே கழுவிப்போட்டு வா எண்டுவாங்கள். அதோடை நாளைக்குக் காலமை ஏத்துறாங்கள்."

பரிமளம் போனை வைத்துவிட்டு அக்காவின் குதிக்காலுக்கு எண்ணெய் தடவத் தொடங்கினாள். ஒரே ஒரு கால். அதில் புண் வந்தால் பிறகு ஒன்றுமில்லை. அக்கா முகட்டைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களோடு கதைக்கும் குரலில் தெளிவாகச் சொன்னாள்:

"அது என்ரை இடம். அம்பலவாணரின்ரை மூத்தவள் அன்னபூரணம். நான் இருக்கிறன்."

எண்ணெய்க் கை ஒரு கணம் நின்றது.

"விசர்க்கதை கதையாமல் காலை நீட்டு," என்றாள் பரிமளம்.

கப்பலைப் பின்தொடரும் வழியை வேதநாதன்தான் காட்டிக் கொடுத்தார். போனில் கடல் படம் வரும்; அதில் நிறநிறமான அம்புக்குறிகள், ஒவ்வொன்றும் ஒரு கப்பல். வான் ஏறிய கப்பலுக்கு ஏதோ பூவின் பெயர். பரிமளத்தின் வாயில் அது நிற்கவில்லை. பூக்கப்பல் என்றே சொன்னாள். அக்காவின் பிரஷர், நிறை, குடித்த தண்ணீர் எல்லாம் எழுதும் கொப்பியில் இன்னொரு கோடு போட்டு, கப்பல் நிற்கும் இடத்தையும் எழுதினாள்.

முதல் மூன்று நாளும் அக்கா குளிருது என்றாள். வெளியே சோளகக் காற்று புழுதியை வாரியடித்துக்கொண்டிருந்தது, பனையோலை காய்ந்து முறுகியது. கால் விரல்களைத் தொட்டால் மீன்கடைப் பெட்டிக்குள் கை விட்டது போல இருந்தது. தேர்மாமீற்றர் வைத்தால் சரியான சூடு. பரிமளம் போர்வை போர்த்தாள், கொப்பியில் எழுதினாள்.

"பெயின்ற் மணக்குது," என்றாள் அக்கா. "இரும்பும் மணக்குது. லைற்றும் போடாங்கள்."

நான்காம் நாள் தலை ஆடத் தொடங்கியது. தலையணையில் இடப்பக்கம் மெல்லச் சாயும், நிற்கும், வலப்பக்கம் சாயும். வலிப்பு அப்படி இராது. பரிமளம் வலிப்பு நிறையப் பார்த்தவள். அவள் மூச்சு எண்ணுவது போல மணிக்கூட்டை வைத்து எண்ணினாள். ஒரு பக்கம் போய் மறுபடி வரப் பதினொரு செக்கன். காலையிலும் பதினொன்று, மத்தியானமும் பதினொன்று. உடம்பு அப்படி ஒழுங்காக எதையும் செய்யாது.

வேதநாதன் வந்து கதவு நிலையில் கை வைத்தபடி பார்த்தார். அவர் மீன்பிடிக்காரரில்லை, ஆனாலும் அவருடைய தகப்பன் வத்தை விட்டவர்.

"இது கடலாட்டம் அக்கா," என்றார் பரிமளத்திடம்.

"இரத்தத்திலை யூரியா கூடினால் ஆட்டம் வரும். நீர் கெட்டித்தனம் காட்டாமல் ஓட்டோவைக் கொண்டந்து விடும்."

செவ்வாய்க்கிழமை எடுத்த இரத்தத்தில் யூரியா கூடியிருக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளி மத்தியானம் பூக்கப்பலின் அம்புக்குறி படத்திலிருந்து போய்விட்டது. கரையை விட்டுத் தூரப் போனால் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் வேதநாதன். அக்காவும் அந்த மத்தியானத்தோடு கதையை நிறுத்தினாள். கண் திறந்திருந்தது, கொடுத்த சோற்றை விழுங்கினாள், திருப்பினால் திரும்பினாள். தலை மட்டும் ஆடியது. கூப்பிட்டால், பக்கத்து அறையில் வானொலி போவதைக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை. தண்ணீர் கேட்கவேயில்லை. அதுதான் பரிமளத்தை உலுக்கியது.

திங்கள் காலை அம்புக்குறி சிங்கப்பூருக்குக் கிட்ட மறுபடி தோன்றியது. குசினியில் தேநீர் வடித்துக்கொண்டிருந்த பரிமளத்துக்கு அறையிலிருந்து குரல் வந்தது.

"எடியே, நாக்கு வறளுது. ஒரு மிடறு தா."

பரிமளம் கொடுத்தாள். அளக்காமல் கொடுத்தாள். பிறகு கொப்பியில் 'சுமார்' என்று எழுதினாள். அந்தச் சொல்லை அவள் அதுவரை எழுதியதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தலையாட்டம் நின்றது. "நாங்கள் இறங்கிட்டம்," என்றாள் அக்கா. "வெட்டை வெளி. மழை கொட்டுது."

"எங்கை இறங்கினது? கப்பல் ஓடிக்கொண்டெல்லோ இருக்கு."

"ஓடட்டும். அதிலை நாங்கள் இல்லை."

போனில் பூக்கப்பல் சிங்கப்பூரை விட்டு மேற்கே வந்துகொண்டிருந்தது. பரிமளம் நாளுக்கு நாலு தரம் பார்த்தாள். அம்பாந்தோட்டையில் இறக்க வேண்டிய கப்பல், செப்ரெம்பர் மூன்றாம் தேதி இலங்கைக்குக் கீழாக வந்தது. திரும்பவில்லை, மெதுவாகவும் போகவில்லை. அப்படியே ஆபிரிக்கப் பக்கம் போய்விட்டது. வேதநாதன் தலையில் கை வைத்தார். பரிமளம் அனோஜனுக்குப் போன் எடுத்தாள். முதலில் மறுத்தான், பிறகு பார்த்துச் சொல்வதாகச் சொன்னான், அடுத்த நாள் காலை அவனே எடுத்தான்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. சிங்கப்பூரிலை இறக்கி வேறை கப்பல் மாத்துறாங்களாம். எங்களுக்கே இப்பத்தான் அறிவிச்சவங்கள்."

"எண்டைக்கு இறக்கினது?"

அவன் சொன்ன தேதி கொப்பியில் இருந்தது.

"இப்ப எங்கை நிக்குது?"

"துறைமுகத்திலை, வெளி யார்ட்டிலை. அங்கை ஒரே மழையாம்."

அன்றிலிருந்து பரிமளம் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அக்காவைப் பார்த்தாள்.

அவள் எதையும் நம்பத் தொடங்கிவிட்டாள் என்று சொல்ல முடியாது. சைப்பிரசில் அந்தக் கிழவி செத்துப்போன தாயோடு தினமும் ஒலிவ் தோட்டத்துக்குப் போய் வந்தாள். பரிமளம் கூடை எங்கே என்று கேட்டுச் சமாளித்திருக்கிறாள். நோயாளி எங்கே நிற்கிறாளோ அங்கே போய்க் கதைக்க வேண்டும், இழுக்கக்கூடாது. ஆகவே ஒருநாள் பின்னேரம் நகம் வெட்டும்போது சாதாரணமாகக் கேட்டாள்:

"தனியவோ நிக்கிறாய்?"

"தனியவோ? நூற்றுக் கணக்கிலை நிக்குது. வரிசையா. காரும் வானும்."

"வாகனத்தைக் கேக்கேல்லை. ஆக்கள்."

"அதைத்தான் சொல்லுறன். ஒவ்வொண்டிலையும் ஒராள் இருக்குது. பின் சீற்றிலை. எல்லாம் வெறுமையா ஏத்தினதுகள் தானே."

பரிமளம் நகவெட்டியைத் துடைத்தாள். "என்ன கதைக்கினம்?"

"கதைக்கமாட்டினம். நேராப் பாத்துக்கொண்டு இருக்கினம். எனக்கு முந்தின வண்டியிலை இருக்கிற மனிசி மட்டும் இடைக்கிடை திரும்பிப் பாக்கிறா." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "என்ரை இடத்தைத்தான் பாக்கிறா. அவவின்ரை வண்டியிலை கால் நீட்ட இடமில்லை எண்டு நினைக்கிறன்."

"நீ எழும்பாதை."

"நான் எங்கை எழும்புறது, ஒரு காலோடை?" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையதுதான்.

செப்ரெம்பர் பன்னிரண்டில் தலையாட்டம் மறுபடி தொடங்கியது. பரிமளம் எண்ணினாள்: ஒன்பது செக்கன். சின்னக் கப்பலாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்துத்தான் அனோஜனின் செய்தி வந்தது, வான் ஏறிவிட்டதாக. பத்தொன்பதாம் தேதி அம்பாந்தோட்டை. சுங்கத்தில் ஒரு வாரம். இருபத்தாறாம் தேதி வேதநாதன் வானை எடுத்துவரப் புறப்பட்டார். அறையின் தவணைக்கு நாலு நாள் இருந்தது.

பரிமளம் படலையடிவரை போய்ச் சொன்னாள்: "பின்னாலை ஒருத்தரையும் ஏத்தாதையும். ஒரு சாமானும் வையாதையும்."

"நான் என்ன பஸ்ஸே விடப்போறன், அக்கா?"

"சொன்னதைச் செய்யும்."

காரணத்தை அவள் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் கட்டளை கொடுப்பது அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். அத்தோடு, வாய்விட்டுச் சொன்னால் அதை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்றும் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை அக்கா விடிந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. அவ்வளவு கலகலப்பாக அவளைப் பரிமளம் வருடக் கணக்கில் கண்டதில்லை.

"உவன் வேதநாதனுக்குக் காது செவிடோ? பாட்டை இவ்வளவு கூட்டிப் போட்டிருக்கிறான்."

"எங்கை நிக்கிறியள்?"

"வவுனியா தாண்டியாச்சு. வெயில். இடம் நல்லாத்தான் இருக்கு."

பரிமளம் முற்றத்தைக் கூட்டினாள். பலகை இறங்க இடம் வேண்டுமென்று பூச்சாடிகளை நகர்த்தினாள். செய்ய வேண்டியதை மனதில் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள்: வான் நின்றதும் பின்கதவைத் திறந்து, அந்த இடத்தில் கை வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. யாராவது பார்த்தால், தூசு தட்டியதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நாலே கால் மணிக்கு அக்கா, "பண்ணை வந்திட்டுது," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "கடல் மணக்குது. அப்பாடா." பிறகு புருவம் சுருங்கியது. "உவனேன் நிப்பாட்டுறான்? ஆரின்ரையோ கடையிலை நிக்கிறான்... கதவைத் திறக்கிறான். எடே, ஆள் இருக்கிறன். ஆள் இருக்கிறன் எண்டு சொல்லு, எடியே பரிமளம், சொல்ல..."

அத்தோடு குரல் நின்றது. வசனத்தின் நடுவில், யாரோ வாயில் கை வைத்தது போல.

பரிமளம் போனை எடுத்து வேதநாதனை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை; பாட்டுச் சத்தத்தில் கேட்டிராது. அக்காவின் கையைத் தொட்டாள். அதிர்வு இருந்தது. பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பது, அந்த மாதத்திலேயே நல்ல எண். மூச்சு ஒழுங்கு. முகம் தளர்ந்து, நித்திரையில் இருந்தது.

முக்கால் மணித்தியாலத்தில் வான் வந்து முற்றத்தில் நின்றது. வேதநாதன் ஹோர்ண் அடித்து இறங்கி, விளையாட்டுப் போட்டியில் கப் வாங்கியவர் மாதிரிப் பின்கதவைத் தூக்கினார்.

"பாருங்கோ அக்கா!"

சக்கர நாற்காலிக்குரிய இடத்தின் நடுவில், நான்கு பெல்ற்றாலும் இறுக்கிக் கட்டப்பட்டு ஒரு தேங்காய் இருந்தது.

"ஒரு சாமானும் வைக்கக்கூடாது எண்டனீங்கள், ஓம். ஆனால் பண்ணையிலை கடலைக் கண்டவுடனைதான் நினைவு வந்தது. வெறுஞ் சீற்றோடை கடல் தாண்டுறதோ? உங்கடை அப்புவும் என்ரை ஐயாவும் காத்த முறையெல்லே. அதுதான் வாங்கி வைச்சனான். நாரும் உரியாமல்."

பரிமளம் அவரைத் திட்டவில்லை. பெல்ற்றைக் கழற்றித் தேங்காயை எடுத்து வெளியே வைத்தாள். உள்ளே ஏறி, முழங்கால் நிலத்தில் ஊன்ற, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். "அன்னபூரணம்," என்றாள். அக்காவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தரம். "அம்பலவாணரின்ரை மூத்தவள் அன்னபூரணம். இறங்கு."

ரப்பர் விரிப்பு வெயிலில் சுட்டது. வேறொன்றும் இல்லை. மூன்று தரம் கூப்பிட்டாள். வேதநாதனின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

அறைக்குள் போனபோது அக்கா விழித்திருந்தாள். தலையணையில் நிமிர்ந்து, இரண்டு கையையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். பரிமளத்தைக் கண்டதும் மரியாதையாகச் சிரித்தாள்.

"நீங்கள்தானே இங்கை பாக்கிற ஆள்?"

பரிமளம் கட்டிலடிக்குப் போனாள். "அக்கா?"

"நல்ல காத்தோட்டமான வீடு," என்றாள் கட்டிலில் இருந்தவள், யன்னலைப் பார்த்து. "ஆரின்ரை வீடு?"

பக்கவாதமோ என்று பார்க்கச் செய்ய வேண்டியதைப் பரிமளம் செய்தாள். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், கட்டிலில் இருந்தவள் சமமாகத் தூக்கினாள். சிரிக்கச் சொன்னாள், வாய் கோணவில்லை. விரலைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தாள். பெயர் கேட்டாள்.

"பேரோ? நீங்கள் என்னெண்டு கூப்பிடுவீங்களோ, அதுதான்."

அன்றே அதே வானில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையைப் படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. இப்படிக் குழம்புவது நெடுநாள் வருத்தக்காரரில் உண்டு, சிலருக்குத் தெளியும், சிலருக்குத் தெளியாது என்றார் டொக்டர். பரிமளத்துக்கு அது புதிதில்லை; அதே வசனத்தை அவளும் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சதீசன் வீடியோவில் வந்தான். "சுகமா இருக்கிறன், தம்பி," என்றாள் கட்டிலில் இருந்தவள். "எனக்கு ஒரு குறையும் இல்லை. இவா நல்லாப் பாக்கிறா." அவன் கண் கலங்கிவிட்டான். டொக்டர் சொன்னதை அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் தாய் இவ்வளவு இதமாகக் கதைத்து அவனுக்கு ஞாபகமில்லை. எப்போதும் ஏச்சுத்தான்.

"வான் வந்ததே பெரிய மருந்து, சின்னம்மா. அறையை வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். அம்மா வீட்டிலையே இருக்கட்டும்."

"ஓம்," என்றாள் பரிமளம். கொடுத்த வாக்கு அப்படி நிறைவேறியது.

நோயாளி என்று பார்த்தால் அவளைப் போல ஒரு நோயாளி கிடைக்காது. முக்கால் லீற்றர் தண்ணீரில் மிச்சம் விட்டுத் திருப்பித் தருகிறாள். மருந்துக்கு முகம் சுளிப்பதில்லை. ஊசி குத்தும்போது நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வானில் ஏற்றினால், சக்கரக் கதிரையின் கீழ் இருக்கும் பெல்ற்றுப் பூட்டைக் கண்ணால் பாராமலே கையை விட்டு எடுத்துப் பூட்டுகிறாள். அந்தப் பூட்டு எங்கே இருக்கிறதென்று வேதநாதன் புத்தகத்தைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தார். பரிமளம் அவளைக் குளிப்பாட்டுகிறாள், திருப்பிப் படுக்க வைக்கிறாள், குதிக்காலுக்கு எண்ணெய் தடவுகிறாள். யாராக இருந்தாலும் அந்தக் காலில் புண் வரக்கூடாது. ஆனால் 'நீங்கள்' என்றுதான் கதைக்கிறாள். வேறு விதமாக வாய் வரவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் வான் பண்ணைப் பாலத்தில் இரண்டு நிமிடம் நிற்கும். தேங்காய் வைத்த இடத்தை வேதநாதன்தான் காட்டினார். பரிமளம் இறங்கி, தெருவோரத்துக் கல்லில் கை வைத்து அக்காவின் பெயரைச் சொல்கிறாள். இரண்டு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர்; இறால் கூட்டுக் கம்புகள், அவற்றில் கொக்குகள். மீன் விற்கிறவர்கள் பார்ப்பார்கள். அவள் கணக்கெடுப்பதில்லை. இரண்டு நிமிடம்தான்; ஊசி போடும் முறை ஏழரைக்கு, பிந்தினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தப் போனாள். உள்ளே இருந்தவள் கேட்டாள்:

"ஒவ்வொரு தரமும் ஆரைக் கூப்பிடுறீங்கள்?"

"என்ரை அக்காவை."

"இங்கையோ இறங்கினவா?"

"இறக்கிப் போட்டினம். தெரியாமல்."

"பாவம்," என்றாள் அவள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கதிரையில் ஒரு பக்கமாக, பெல்ற் விட்ட அளவுக்கு ஒதுங்கி, பக்கத்தில் ஒரு சாணளவு இடம் விட்டாள். "வரச் சொல்லுங்கோ. நான் தள்ளி இருக்கிறன்."

பரிமளம் உள்ளே குனிந்து, அவள் இடுப்பு அப்படிச் சாய்ந்தால் வலிக்கும் என்று நேராக நிமிர்த்தினாள். விட்ட இடத்தில் ஒரு தலையணையை வைக்கப் போனவள், வைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு முன்னுக்கு ஏறி, "எடும் வேதநாதன், ஏழு பத்தாச்சு," என்றாள்.